மேக்னாவின் குழுவில் உட்காரத் தகுந்தவர்கள்

மேக்னாவிடம் யாராவது கேள்வி கேட்டால், அவள் பதில் சொல்லும்வரை அந்த அறையில் இருக்கும் கடிகாரங்கள் எல்லாம் நின்றுவிடும். சுவர்க் கடிகாரம், கைக்கடிகாரம் என்ற பேதம் கிடையாது. அறைக்கு வெளியே ஊர் வழக்கம்போல ஓடிக்கொண்டிருக்கும். உள்ளே ஊற்றி வைத்த டீ ஆறாது, யாருக்கும் பசி எடுக்காது, நின்றால் கால் மட்டும் வலிக்கும். பதில் வர ஒரு மணி நேரமும் ஆகலாம், ஒரு பிற்பகல் முழுவதும் ஆகலாம். வந்த பதில் சில சமயம் சரியாக இருக்கும், சில சமயம் தப்பாக இருக்கும், எல்லாக் குழந்தைகளையும் போல. 1994-ல் பவானிபூரில் ஒரு பெண்கள் பள்ளியில் அவளைச் சேர்த்தார்கள். முதல் வாரமே ஒரு டீச்சர் மழை எங்கிருந்து வருகிறது என்று அவளிடம் கேட்டுவைத்தார். பதில் வாங்கிக்கொண்டு வகுப்பு வெளியே வந்தபோது பள்ளி பஸ் எல்லாம் போய்விட்டிருந்தது, வாசலில் தாய்மார்கள் கூட்டமாக நின்று அழுதுகொண்டிருந்தார்கள். மறுநாள் பெற்றோர்கள் பிரின்சிபாலைப் பார்த்துச் சத்தம் போட்டார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. டீச்சர்கள் தங்களுக்குள் பேசி, சுலபமான ஒரு வழியைக் கண்டுபிடித்தார்கள். அவளிடம் எதையும் கேட்பதில்லை என்று முடிவு செய்தார்கள். அதன்பின் மணி டாண் டாண் என்று அடித்தது. மேக்னா ஜன்னலோரம் உட்கார்ந்து மூன்று வகுப்புகள் தாண்டினாள்.

அவள் அப்பா பத்மநாபன் துறைமுக அலுவலகத்தில் அதிகாரி. வங்காளத்துக்கு மாற்றலாகி வந்து, டாக்குரியா ஸ்டேஷன் பக்கம் ஒரு ஃபிளாட்டில் குடியிருந்தார். காலையில் ரேடியோ செய்திக்கு முன் வரும் ‘பீப்’ சத்தத்துக்குத் தன் வாட்சைச் சரிபார்ப்பார். பக்கத்து வீட்டுக்காரர்கள் அவர் படியிறங்குவதைப் பார்த்துத் தங்கள் கடிகாரத்தைத் திருப்புவார்கள். வாசலில் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே, “என்னடி, ஸ்கூல்லாம் எப்படிப் போறது?” என்று மகளைக் கேட்பார். கேட்டுவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடிவிடுவார். அவர் தெருமுனை தாண்டும் முன்பே சமையலறைக் கடிகாரம் நின்றிருக்கும். அம்மா கோமதி கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எப்போதோ ஒரு நேரத்தில், “நன்னா இல்லை” என்று பதில் வரும். கடிகாரத்தை நம்பி இருவரும் கிளம்பிப் போனால் பள்ளியில் கேட் மூடியிருக்கும். இதைக் கோமதி அவரிடம் சொல்லாமல் இல்லை. அவர் கடிகாரக்காரனைக் கூப்பிட்டு எண்ணெய் போடச் சொன்னார்.

1997-ல் பூகோளம் எடுக்க பாக்சி சார் என்று ஒருவர் வந்தார். இளைஞர், கொஞ்சம் சிடுமூஞ்சி. ஹூக்ளி எந்தக் கடலில் கலக்கிறது என்று மேக்னாவை எழுப்பி நிறுத்திக் கேட்டார். மற்றப் பெண்களை வராந்தாவில் உட்கார்ந்து படம் வரையச் சொல்லி அனுப்பிவிட்டு, தான் மட்டும் மேஜைமேல் கையூன்றி எதிரே நின்றுகொண்டார். மறுநாளும் கேட்டார், அதற்கு மறுநாளும் கேட்டார். பிள்ளை இருட்டிய பிறகு வீடு வருவதையும் கால் வலிக்கிறது என்று முனகுவதையும் கண்ட பத்மநாபனுக்குக் கோபம் தலைக்கேறியது. பாக்சி குழந்தையை நிற்கவைத்து வதைக்கிறார் என்று புகார் கொடுத்தார். கோமதியும் ஆமாம் என்றுதான் சொன்னாள். பாக்சி சாரும் கூடவே நின்றார் என்பதை யாரும் விசாரிக்கவில்லை. பாக்சி சாரைப் பெரிய வகுப்புகளுக்கு மாற்றிவிட்டார்கள். ஆனாலும் வராந்தாவில் எதிர்ப்பட்டால் அவர் அவளை ஏதாவது கேட்பார். பதில் வரும்வரை அவளோடு காலி வகுப்பறை ஒன்றில் போய் நிற்பார்.

வெங்காயம் யானை விலை விற்ற 1998 முடிந்து அடுத்த மார்ச்சில் பிரின்சிபால் கறாராகச் சொல்லிவிட்டார். மேக்னாவுக்கென்று தனியாகப் பாடத்திட்டம் வகுத்து, அதற்கு ஆசிரியர்கள் சிலர் பொறுப்பேற்றால் அவள் அங்கே படிக்கலாம்; இல்லையென்றால் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டும். வேறு இடங்கள் எல்லாம் ஏற்கெனவே கையை விரித்திருந்தன. அந்த ஆசிரியர் குழுவில் யார் யார் இருக்க வேண்டும் என்று பெற்றோரே சொல்லலாம் என்றபோது, பத்மநாபன் தனக்குத் தெரிந்த ஒரே நியாயத்தைக் கடைப்பிடித்தார். அவருடைய ஆபீஸில் பிரமோஷன் முதல் குவார்ட்டர்ஸ் வரை எல்லாமே சீனியாரிட்டிப்படிதான். ஜூனியரை உட்காரவைத்தால் சீனியர் மனது புண்படும். புண்பட்ட சீனியர் எதையும் நகர விடமாட்டார். எனவே பள்ளியிலேயே மூத்த மூன்று டீச்சர்களைக் கேட்டுக்கொண்டார். மூவரும் நல்ல பட்டுப்புடவை கட்டி வந்து உட்கார்ந்தார்கள்.

கூட்டத்தை நடத்த வந்தவர் நந்திதா சர்க்கார், இப்படிப்பட்ட குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித்தரப் பயின்றவர். முந்தின நாள் மேக்னாவோடு உட்கார்ந்து பேசியதில் அவருடைய வாட்ச் ஒரு மாலைப்பொழுது பின்தங்கியிருந்தது. மூத்த டீச்சர்கள் மேக்னாவின் நல்ல குணத்தைப் பற்றி ஆளுக்கொரு சொற்பொழிவு ஆற்றினார்கள். நந்திதா அவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை, மணிக்கட்டைப் பார்த்தார். மூன்று வாட்சும் நிமிஷம் பிசகாமல் ஓடின. இவர்களில் ஒருவர்கூட இந்தக் குழந்தையிடம் எதுவும் கேட்டுக் காத்திருந்ததில்லை என்று வங்காள மொழியில் சாதாரணமாகச் சொல்லி, டீ கொடுத்து அனுப்பிவைத்தார். பிறகு ஆசிரியர் அறைக்குப் போய் ஒவ்வொரு கையாகப் பார்த்தார். பாட்டு டீச்சரின் வாட்ச் ஒரு நாள் பின்னால் இருந்தது. பாக்சி சாரின் வாட்சில், ஜனவரியில் பள்ளியில் கொண்டாடி முடித்த சரஸ்வதி பூஜையே இன்னும் வரவில்லை.

இருவரையும் அழைத்துவந்து மேக்னாவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தபின் நந்திதா பெற்றோர் பக்கம் திரும்பினார். கோமதி கல்யாணத்தில் போட்ட சின்ன வாட்சைக் காட்டினாள். அது போன வருஷத்துத் தீபாவளிக்கு முன்பே எங்கோ ஓடிக்கொண்டிருந்தது. பத்மநாபன் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். கோமதிதான் சொன்னாள்.

“நீங்க வெளில இருங்கோ.”

ஐம்பதை நெருங்கும் மனுஷர், ஆபீஸில் நாலு பேர் எழுந்து நிற்கும் ஆள், வராந்தாவில் வாட்ச்மேன் ஸ்டூலுக்குப் பக்கத்தில் போய் நின்றார். உள்ளே பாக்சி சாரின் குரல் கேட்டது. தான் விரட்டிய மனிதன் தன் மகளுக்காகப் பேசுவதைக் கேட்க அவருக்கு அவமானமாக இருந்தது. அதைவிட, பயமாக இருந்தது. கடைசியில் கதவைத் திறந்து வாசற்படியில் நின்றார்.

“மேக்னா, நான் உள்ள வரட்டுமாம்மா?”

அறையில் இருந்த கடிகாரங்கள் நின்றன. வாசற்படியில் நின்றதால் அவருடையதும் நின்றது. மேக்னா அவரைப் பார்த்தபடி யோசித்தாள். மைதானத்தில் வெயில் சாய்ந்தது, ஆயா மற்ற அறைகளைப் பூட்டிக்கொண்டு போனாள், தெருவில் விளக்கு எரிந்தது. வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று நினைத்தார். கால் மாற்றி நின்றார். போகவில்லை.

“வாப்பா,” என்றாள் மேக்னா. “கேட்டுட்டுப் போயிடாதே.”

அவர் உள்ளே போய்க் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். மேக்னா அந்தப் பள்ளியிலேயே படித்து, மற்றவர்களைவிடச் சில வருஷம் தாமதமாக, 2009-ல் வெளியே வந்தாள். பாக்சி சாருக்கு அதுவரை ஒரு முடிகூட நரைக்கவில்லை. பள்ளியில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை. பத்மநாபன் அந்தக் கூட்டத்துக்குப் பிறகு வாட்சைத் திருப்பவே இல்லை. ஆபீஸுக்கு நேரம் கழித்துப் போனார், ஜூனியர்கள் அவரைத் தாண்டிப் போனார்கள். ரிட்டயர் ஆன அன்று அவருக்கு மாலை போட்ட பையன் ஒருவன், ஸார், உங்கள் வாட்சில் தேதி போன வருஷத்தில் நிற்கிறதே என்றான். பத்மநாபன் அதைக் காதருகே வைத்துப் பார்த்துவிட்டு, அது சரியாகத்தான் ஓடுகிறது என்று சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார்.