இருபத்தெட்டுக்கு ஒரு ஆள்

உலகத்தில் எத்தனையோ பேருக்கு எத்தனையோ பெருமை. அவள் கணவருக்கு இருபத்தெட்டு.

காரில் ஒருத்தர் போனாலும் டயரில் இருபத்தெட்டு, ஊரையே ஏற்றிக்கொண்டு போனாலும் இருபத்தெட்டு. முன்னாலும் அதே, பின்னாலும் அதே. அவருடைய முதல் காருக்கு யாரோ ஒரு டிரைவர் சொல்லிவிட்டுப் போன காற்றளவு அது. அந்தக் கார் போய்விட்டது, டிரைவரும் போய்ச் சேர்ந்துவிட்டார், எண் மட்டும் வீட்டோடு தங்கிவிட்டது. இப்போதுள்ள கார் அதைப்போல் இரண்டு மடங்கு. ஓட்டுகிறவர் பக்கக் கதவைத் திறந்தால் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும்: மூன்று பேர் வரை முப்பத்திரண்டு, ஆளும் சுமையும் நிறைந்தால் முன்னால் முப்பத்து நான்கு, பின்னால் நாற்பது. எழுத்துத் தெரியாதவர்களுக்காகப் பொம்மைகூடப் போட்டிருக்கிறார்கள். "அது சும்மா ஒட்டி வச்சது" என்பார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். அந்த மூன்று காலிலும் இருபத்தெட்டுதான் காற்று.

அவளுக்கு அவர்மேல் கோபம் கிடையாது. கோபப்படுவதற்குக் கொஞ்சமாவது மதிப்பு வேண்டும். பார்சல் ஆபீசில் எடை போடும் கவுண்டரில் பத்தொன்பது வருஷம் உட்கார்ந்தவள் அவள். மூட்டையைப் பார்த்தே அரைக் கிலோ முன்னே பின்னே சொல்லிவிடுவாள். அவளுக்கே சுமையைப் பற்றி ஒருவர் பாடம் எடுத்தால் இளக்காரம் வராமல் என்ன வரும்? கவுண்டரில் கூட இருக்கும் பெண்களுக்கு அவர் பெயரே இருபத்தெட்டுதான். "இன்னிக்கு இருபத்தெட்டு என்ன சொன்னாரு?" என்று கேட்டுவிட்டுத்தான் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பார்கள். அவளும் அவர் குரலிலேயே சொல்லிக் காட்டுவாள். நன்றாகச் சிரிப்பார்கள்.

அன்றைக்கு மகளைக் கொண்டுபோய் விட வேண்டியிருந்தது. மகள் தையல்காரி. ஆறு மணி நேரத் தொலைவில் ஒரு தொழிற்சாலைக்குச் சீருடை தைக்கும் வேலை கிடைத்திருந்தது. மறுநாள் காலை மெஷின்கள் அங்கே ஓடியாக வேண்டும். ஓடாவிட்டால் அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். மேசை இல்லாமல் மெஷின் தலைகள் மட்டும் இரண்டு, ஒவ்வொன்றும் முப்பது கிலோ. துணி உருளைகள் எல்லாம் சேர்ந்து நாற்பத்தைந்து கிலோ. இதெல்லாம் ஏறிய பிறகு, "வழியிலதானே என் பையன் வீடு" என்று அவருடைய அக்கா சேர்ந்துகொண்டாள். அவள் பெட்டி இருபது, அவள் எண்பத்தெட்டு. முன் இருக்கையில் அவள்தான். மனைவி மனதுக்குள் கூட்டிப் பார்த்தாள்: ஆளும் சாமானுமாக நானூற்றுச் சொச்சம்.

அக்கா வீட்டு வாசலில் அவர் சட்டைப் பையிலிருந்து பேனா மாதிரி இருக்கும் காற்றளவுக் கருவியை எடுத்தார். உச்சி வெயிலில், நகரத்தின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு ஓடி வந்த டயர், தொட்டால் சுடும். சூட்டில் காற்று உப்பி முப்பத்தொன்று காட்டியது.

"பாத்தியா? லோடு ஏத்துனா காத்தும் தானா ஏறிடும். அதனாலதான் கொறைக்கணும்ங்கிறேன்" என்று குந்தி உட்கார்ந்து, வால்வை அமுக்கி, இருபத்தெட்டு வரும்வரை புஸ்ஸென்று இறக்கினார். ஆறிய பிறகு இருபத்தைந்துகூடத் தேறாது.

"எங்க தம்பி கண்ணுக்கு எதுவும் தப்பாது" என்றாள் அக்கா. தம்பி பிறந்ததிலிருந்து அவருக்கு ஒத்து ஊதுகிறவள்.

பின் டயர் இரண்டும் தரையில் பிதுங்கி உட்கார்ந்திருந்ததை மனைவி பார்த்தாள். நெடுஞ்சாலை ஏறுவதற்கு முன்னால், பெட்ரோல் பங்கை ஒட்டி ஒரு காற்றுக்கடை உண்டு. பக்கத்திலேயே பெட்டிக்கடை. "தண்ணி வாங்கணும்" என்று நிறுத்தச் சொன்னாள். காற்று பிடிக்க என்று சொன்னால் அவர் நிறுத்தமாட்டார்.

காற்றுக்கடையை நடத்துகிறவள் ஒரு பெண். முழங்கை வரைக்கும் கறுப்பு. வந்தவர்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே டயரைப் பார்த்தாள்.

"பின்னாடி ரெண்டும் படுத்துருக்கே சார்?"

"லோடு இருக்குல்ல. படுக்கத்தான் செய்யும்."

"எவ்வளவு வச்சிருக்கீங்க?"

"இருபத்தெட்டு" என்றார், பரீட்சையில் வாங்கிய மார்க்கைச் சொல்வதுபோல.

காற்றுக்கடைக்காரி குனிந்து உள்ளே பார்த்தாள். ஆட்களை எண்ணினாள், உருளைகளை எண்ணினாள். "நாப்பது வேணும் சார்."

"நாப்பதா? வெடிச்சுரும்மா. போன வருஷம் அப்படித்தான் காத்து ஜாஸ்தியாயி வெடிச்சுது. அந்த ஒரு தடவைதான் முப்பது வச்சிருந்தேன். அதுக்கப்புறம்தான் மறுபடி இருபத்தெட்டுக்கே வந்தேன்."

போன வருஷம் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு இதே மாதிரி அடைத்துக்கொண்டு திரும்பினார்கள். பின் டயர் கிழிந்து, வண்டி சுழன்று நடுச்சுவரில் இடித்து நின்றது. மகளுக்குப் புருவத்தில் ஆறு தையல். அவர் அன்றைக்கே டயர் கம்பெனியைத் திட்டித் தீர்த்துவிட்டார். குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டாத மனிதர்.

"அந்த டயரைக் கழட்டுறப்போ உள்ள கறுப்பா மாவு மாதிரி கொட்டுச்சு. அது எதனாலம்மா?" என்று மனைவி கேட்டாள்.

காற்றுக்கடைக்காரி கடைப் பக்கம் நடந்தாள். மூலையில் குவிந்திருந்த பழைய டயர்களில் ஒன்றை இழுத்து, உள்பக்கம் கையை விட்டுத் தேய்த்து விரல்களைக் காட்டினாள். கறுப்புத் தூள்.

"இதானேக்கா?"

"இதேதான்."

"காத்து கம்மியா வச்சு சுமை ஏத்துனா, டயர் பக்கவாட்டுல மடங்கி மடங்கி, சூடாயி, உள்ளுக்குள்ளயே அரைபட்டுரும். வெளிய ஒண்ணும் தெரியாது. காத்து ஜாஸ்தியாயி கிழிஞ்ச டயர்ல இந்த மாவு இருக்காது."

"அவங்க கடைக்கு ஆள் வேணும்ல, அப்படித்தான் சொல்லுவாங்க" என்றார் அவர். "ஏறு. நேரமாச்சு."

மகள் பின் இருக்கையில் துணி உருளைகளுக்கு நடுவே ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். புருவத்தில் முடி முளைக்காத கோடு வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. அம்மா அதைப் பார்த்தாள். கதவிலிருந்த சீட்டை அவள் எத்தனை தடவை படித்திருக்கிறாள். படித்துவிட்டுக் கவுண்டரில் சிரித்திருக்கிறாள். வாயால் இளக்காரம் செய்தாளே தவிர, ஒரு நாளாவது வண்டியை விட்டு இறங்கியிருக்கிறாளா? அவர் முட்டாள் என்று தெரிந்தே பிள்ளையை அவர் பின்னால் உட்கார வைத்தவளை என்னவென்று சொல்வது? முதல் தடவையாக அவளுக்குத் தன்னைப் பார்த்தே இளக்காரமாக இருந்தது.

"எறங்கும்மா" என்றாள் மகளிடம்.

மகள் காரணம் கேட்காமல் இறங்கினாள். இருவருமாக டிக்கியைத் திறந்து ஒரு மெஷின் தலையை இறக்கிக் கீழே வைத்தார்கள். அடுத்ததையும் வைத்தார்கள். உருளைகளை எடுத்துச் சுவரில் சாய்த்தார்கள். கார் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது.

"என்ன பண்றே?"

"வெயிட்டைக் கொறைக்கிறேன். இப்ப இருபத்தெட்டு போதும். ஒரு ஆளுக்கு அது தாங்கும். நீங்க போயிட்டு வாங்க."

"பைத்தியமா உனக்கு? நாலு பேர் பாக்குறாங்க."

"பாக்கட்டும். நாங்க பஸ்ல போறோம். மெஷினை எங்க ஆபீஸ்ல போட்டா காலைல அங்க எறங்கிடும். நானே எடை போட்டு அனுப்புறேன்."

அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா கண்ணாடி வழியாக அந்தக் கறுப்பு விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கதவைத் திறந்தாள். "கால் மரத்துப் போச்சு தம்பி, செத்த நிக்கிறேன்" என்று இறங்கியவள், கைப்பையையும் மறக்காமல் எடுத்துக்கொண்டாள். பின்னாடி போய்த் தன் பெட்டியையும் இறக்கினாள். கால் மரத்துப்போனவளுக்குப் பெட்டி எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

அவர் வெற்றுக் காருக்குப் பக்கத்தில் நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சரிம்மா, ஒரு முப்பது வை" என்றார் காற்றுக்கடைக்காரியிடம், கத்தரிக்காய்க்குப் பேரம் பேசுவதுபோல.

"முப்பதுக்கும் ஒரு ஆள்தான்" என்றாள் மனைவி.

"முப்பத்திரண்டு."

"நீங்களும் அண்ணியும் போகலாம். பெட்டி இல்லாம."

அக்கா அசையவில்லை.

"முப்பத்தாறு. அதுக்கு மேல முடியாது."

"முப்பத்தாறுக்கு நாங்க எல்லாரும் ஏறலாம், மெஷின் ஏறாது. மெஷின் போகாம நான் எதுக்குப் போறேன்?"

காற்றுக்கடைக்காரி குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு காத்திருந்தாள். அவளுக்கு அவசரமில்லை. அவர் கதவிலிருந்த சீட்டைக் குனிந்து படித்தார். அத்தனை வருஷத்தில் முதல் தடவை. பொம்மைகளை விரலால் எண்ணினார்.

"நாப்பதுன்னுதான் போட்டிருக்கான்" என்றார், யாரையும் பார்க்காமல். "வை."

காற்று ஏறியது. கருவி நாற்பத்து மூன்று காட்டியதும் அவர் வாயைத் திறந்தார்.

"டயர் சூடா இருக்கு சார். ஆறுனா நாப்பதுல நிக்கும்."

அவர் மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

முன் டயர்களையும் சரிபார்த்த பிறகு சாமான்களை ஏற்றினார்கள். மகள் ஏறினாள். அக்கா பின்னால் ஏறி உட்கார்ந்தாள். மனைவி முன் இருக்கையில் அமர்ந்து கையை நீட்டினாள்.

"அந்தப் பேனாவைக் குடுங்க."

கொடுத்தார். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள், பழக்க தோஷம். முப்பது கிராம் இருக்கும். மூட்டை மூட்டையாகத் தூக்கிப் போட்டவள் இத்தனை காலமும் நகர்த்தாமல் விட்டது இந்த முப்பது கிராமைத்தான். வெட்கமாக இருந்தது.

கைப்பையில் போட்டு மூடினாள். "கௌம்புங்க" என்றாள்.