ஸாஜித்தின் பாட்டில் ஓர் 'ஓம்'

முள்ளியவளை ஊர் ஸாஜித் செய்த 'ட்ரான்ஸ்' என்கிற மின்னிசைப் பாட்டை வெளிநாட்டு இணைய வானொலி ஒன்று ஒலிபரப்பிவிட்டது. டினோஜனுக்கு வயிறு பற்றி எரிந்தது. லப்டொப்பில் பாட்டுச் செய்ய ஸாஜித்துக்குக் கற்றுக்கொடுத்ததே அவன்தான். கடலில் மீன்பிடிக்கப் போவதை விட்டுவிட்டு இதையே தொழிலாக்க வேண்டும் என்ற ஆசையை ஸாஜித்திடம் மட்டும்தான் சொல்லியிருந்தான். வீட்டில் சொன்னால் சண்டை வரும் என்ற பயம்.

கடலிலிருந்து வந்த கையோடு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு குற்றம் பிடிக்க உட்கார்ந்தான். கிக் என்கிற தாள அடி சரி. அதற்கு வழிவிட்டு வழிவிட்டுத் துள்ளுகிற பேஸ் என்கிற அடிநாதமும் சரி. சனியன், ஒரு பிசகும் இல்லை! நடுவில் அடியெல்லாம் நின்று சுருதி மட்டும் மெல்லப் பரவியது. அதற்குள்ளிருந்து ஒரு பெண்குரல், எதிரொலியில் நீண்டு நீண்டு வந்தது. "ஓம்... ஓ...ம்..." அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு இசை ஏறி ஏறிப் போய், எல்லாம் ஒன்றாகக் கொட்டியபோது அவனுக்கே புல்லரித்தது. அதற்காகவும் ஸாஜித்தைத் திட்டினான்.

பாட்டுக்குக் கீழே கருத்து எழுதிய வெள்ளைக்காரர்கள், என்ன புனிதமான மந்திரம் என்று உருகியிருந்தார்கள். மந்திரமாவது மண்ணாங்கட்டியாவது! சீனி இருக்கிறதா என்று கேட்டால், 'ஆமாம்' என்பதற்கு இங்கே கடைக்காரன் சொல்கிற அதே 'ஓம்'தான். டினோஜனுக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது. கடைசியில் மூக்கால் வருகிற அந்தச் சின்ன இழுவை அவனுக்குத் தெரியும். அவனுடைய மனைவி டக்சாயினியின் குரல் அது. அவனுடைய பாட்டு ஒன்றுக்கும் ஒரு சொல் சொல்லியிராதவள்!

குசினிக்குள் பாய்ந்தான். "ஸாஜித்தின்ர பாட்டுக்கு நீயோ குரல் குடுத்தது?"

மீன் வெட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "ஓம். நீங்கள் கடலுக்குப் போயிருக்கேக்க தன்ர தங்கச்சியோட வந்தவன். ஒரு குரல் வேணும், ஏதாவது சொல்லுங்கோ அக்கா எண்டான். எனக்கு வெக்கத்தில ஒண்டும் வரேல்ல. பிறகு அவன்தான் ஒரு கேள்வி கேட்டான்."

"என்ன கேட்டவன்?"

"டினோ அண்ணை கடலை விட்டிட்டு மியூசிக்கே செய்தால் உங்களுக்குச் சம்மதமோ எண்டு. ஓம் எண்டு சொன்னனான்."

மனம் குளிர்ந்திருக்க வேண்டும். குளிரவில்லை. அவனுக்குச் சேர வேண்டிய 'ஓம்' இன்னொருத்தனின் பாட்டில் ஏறி, ஊர் உலகமெல்லாம் கேட்ட பிறகு கடைசியாக அவனிடம் வந்திருக்கிறது.

"அதை எனக்கெல்லோ சொல்லியிருக்கோணும்!" என்று வெடித்தான்.

"நீங்கள் கேக்கேல்லையே," என்றாள் டக்சாயினி.