பூசணிக்காய் நறுக்கிய நாள்

பிச்சையம்மாள் பூசணிக்காய் நறுக்கி இருபத்திரண்டு வருஷம் ஆகிவிட்டது. காரணம் ஊருக்கே தெரியும். மகள் ராமலெட்சுமி தன் வயிற்றில் இரண்டு மாதமாக இருந்தபோது, கிரகண நேரத்தில் அரிவாள்மனையில் உட்கார்ந்து பூசணிக்காயை நறுக்கினாளாம். பிள்ளை மேலுதடு பிளந்து பிறந்ததாம். இதைக் கண்டுபிடித்துச் சொன்னவள் மாமியார். மாமியார் போய்ச் சேர்ந்துவிட்டாள், சொல் போகவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பெண் பார்க்க வந்த மூன்று பேரும் மகளின் உதட்டைப் பார்த்துவிட்டுத் தாயைத்தான் முறைத்தார்கள். அதன்பிறகு வந்த கிரகணங்களுக்கெல்லாம் அவள் கதவைச் சாத்திக்கொண்டு இருட்டில் கிடந்தாள்.

அந்த ராமலெட்சுமி இப்போது திருப்புல்லாணிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். 1955 ஆனி மாதம். மறுநாள் காலை சூரிய கிரகணம் என்பதால், பிள்ளைகளுக்குக் காட்டவேண்டிய பாடத்தைச் சாயங்காலம் வீட்டிலேயே ஒத்திகை பார்த்தாள். சிம்னி விளக்கு சூரியன், பனங்காய் பூமி, எலுமிச்சம்பழம் நிலா.

"இங்கன பாரு ஆத்தா. பூமி சூரியனைச் சுத்துற வழிக்குச் சுற்றுப்பாதைன்னு பேரு. நிலா பூமியைச் சுத்துது. அது நடுவுல வந்தா அதோட நிழல் பூமி மேல விழும். இந்தா, இந்தக் கறுப்பு வட்டம் கருநிழல். அமாவாசையன்னைக்கு மட்டுந்தான் இப்பிடி வரும்."

அரிசி புடைத்துக்கொண்டிருந்த பிச்சையம்மாளின் சுளகு நின்றது.

"பௌர்ணமியில வராதா?"

"வராது." ராமலெட்சுமி எலுமிச்சையைப் பனங்காய்க்குப் பின்னால் கொண்டுபோனாள். "அன்னைக்கு நிலா அங்கன நிக்கும். அங்கன இருந்துக்கிட்டுச் சூரியனை எப்பிடி மறைக்கும்?"

மாதம் தவறாமல் அமாவாசை விரதம் இருக்கிறவள்தான் பிச்சையம்மாள். இந்தக் கணக்கு அவள் காதில் விழாமலும் இருந்திருக்காது. ஆனால் பழியைத் தலையில் ஏற்றிக்கொண்டவளுக்குப் பஞ்சாங்கம் பார்க்கவா தோன்றும்?

"நான் பூசணி அரிஞ்சது பங்குனி உத்திரத்தன்னைக்கு," என்றாள் மெல்ல. "அன்னதானத்துக்கு. பட்டப்பகல்ல இருட்டிக்கிட்டு வந்துச்சு. கொஞ்ச நேரத்துல வெளுத்துருச்சு. ராத்திரி முழுநிலா வெளிச்சத்துல பந்தி போட்டோம்."

ராமலெட்சுமி எலுமிச்சையைக் கீழே வைத்தாள்.

"அது மேகம் ஆத்தா. இல்லாட்டிப் புழுதிக்காத்து. கிரகணமே இல்ல. ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"நீ கேக்கலையே."

மகள் சிம்னி விளக்கின் திரியை இறக்கினாள். பிறகு, "நானும் நம்புனேன் ஆத்தா," என்றாள். "கண்ணாடி பாக்குறப்பல்லாம் மனசுக்குள்ள ஒன்னயத்தான் வஞ்சேன்."

"தெரியும்."

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பாவமே நடக்கவில்லை. பழி மட்டும் தாய்க்கும் மகளுக்கும் நடுவில் உட்கார்ந்து இத்தனை வருஷம் சோறு தின்றிருக்கிறது. பிச்சையம்மாளுக்கு மாமியார் மேல் கோபம் வந்தது. கேள்வி கேட்காமல் தலையாட்டிய தன் மேல் அதைவிடக் கோபம் வந்தது. அழுது முடித்துவிட்டுக் கேட்டாள்:

"அப்ப எதனாலத்தா இப்பிடிப் பொறந்த?"

"தெரியல ஆத்தா. எந்தப் புத்தகத்துலயும் நான் படிக்கல."

மறுநாள் விடிந்ததும் ராமலெட்சுமி பள்ளிக்கூடம் போய்விட்டாள். தெருவில் ஒரு கதவும் திறந்திருக்கவில்லை. பிச்சையம்மாள் தோட்டத்துக்காரரிடம் கேட்டு வாங்கி வந்த பூசணிக்காயோடு வாசலில் அரிவாள்மனையைப் போட்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் தாம்பாளம் நிறைய மஞ்சள் தண்ணீர். அதில் சூரியன், கடித்து வைத்த பணியாரம் போலக் குறைந்துகொண்டே வந்தது. வெயில் சாம்பல் பூத்தது. காக்கைகள் புளியமரத்தில் போய் அடைந்தன.

எதிர்வீட்டுக் கதவிடுக்கிலிருந்து செவ்வந்தி பதறினாள். அவளுக்கு இது ஐந்தாம் மாதம்.

"யக்கா, கிரகணம் பிடிச்சிருக்கு! உள்ள போங்கக்கா!"

பிச்சையம்மாள் எழுந்திருக்கவில்லை. காயை அரிவாளில் வைத்து அழுத்தினாள். அது இரண்டாகப் பிளந்தது.

"தெரியும்த்தா," என்றாள். "நான் மொதமொதப் பாக்குற கிரகணம் இதுதான்."