வடிகட்டியில் சிக்கிய குருவி

பழைய பாலியெஸ்டர் துணியை நொதியால் கரைக்கும் ஆலையில் அவன் தொட்டிக்காரன். அவன் மனைவி வடிகட்டி கழுவுபவள். அவனுடைய புது பாலியெஸ்டர் சட்டையின் பையில் பருத்தி நூலால் ஒரு சிவப்புக் குருவி தைத்துத் தந்தாள். போட்டால் ஆலையே சிரித்துத் தொலைக்கும் என்று, சட்டையைத் தொட்டியில் தள்ளிவிட்டு, "பஸ்ல தொலைஞ்சு போச்சு" என்று புளுகினான்.

அவளோ சட்டையைத் தேடி பஸ் டிப்போவுக்கு நடையாய் நடந்தாள். அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

நொதி பாலியெஸ்டரைத்தான் தின்னும், பருத்தியைத் தொடாது. பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் இதை வாய் வலிக்கச் சொல்பவன், தன் காரியத்தில் கோட்டைவிட்டான்.

நாலாம் நாள் அவள் ஈரக் கையை விரித்தாள். கசங்கிய சிவப்புக் குருவி.

"பிடிக்கலைன்னு சொல்லியிருக்கலாமே" என்றாள். "அந்தக் கண்டக்டரைத் திருடன்னு திட்டிட்டு வந்தேங்க."