நுரை அடங்கட்டும்

தொடைப் பருமனுள்ள குழாய். உள்ளே இரண்டு விரல் நுழையத்தான் வழி மிச்சம். கழிவுநீரைத் தெளியவைக்கக் கொட்டுகிற சுண்ணாம்பு அதற்குள் கல்லாகப் படிந்துவிட்டது. அந்த வழியும் அடைபட்டால் தொட்டி வழிந்து, பின்னாலுள்ள பள்ளத் தெருவுக்குள் சாக்கடை இறங்கும். தெருவில் முதல் வீடு எங்களுடையது. அம்மா காலில் மாவுக்கட்டோடு தரையில் படுத்திருக்கிறாள்.

அதைக் கரைக்க, சுத்திகரிப்பு நிலைய மேனேஜர் சல்ஃபியூரிக் ஆசிட் டிரம்மைப் பம்போடு இணைக்கச் சொன்னார்.

"சார், இது வேண்டாம். ஹைட்ரோகுளோரிக் வரவழைங்க. இது சுண்ணாம்பத் தின்னுட்டு அதே இடத்துல ஜிப்சமா உக்காந்துக்கும். அப்புறம் எந்த ஆசிட்டுக்கும் அசையாது."

"ஆசிட்னா ஆசிட்தான். நாலு எழுத்து படிச்சிட்டு என் உயிர வாங்காத."

பம்ப் ஓட்டுபவர் என் சித்தப்பா. என் காதோரம் வந்து, "வாய அடக்கு. என் வேலைக்கும் சேத்து உலை வெச்சிராத," என்றார்.

குழாயிலிருந்து பெயர்த்த சில்லு ஒன்றைக் குடுவையில் போட்டு, தண்ணீர் கலந்த அதே ஆசிட்டை ஊற்றினேன். புஸ்ஸென்று பொங்கியது. மேனேஜருக்கு முகமெல்லாம் பல்.

"கரையுது பாத்தியா? பம்பப் போடுய்யா!"

"நுரை அடங்கட்டும் சார்."

ஒருவேளை நான்தான் தப்போ? படித்ததெல்லாம் பரீட்சையோடு போய்விட்டதோ? நுரை சோர்ந்து நின்றது. சில்லு கரையாமல் கிடந்தது, மாவு பூசினாற்போல் வெள்ளைத் தோலோடு. மறுபடி ஆசிட் ஊற்றினேன். ஒரு குமிழிகூட வரவில்லை.

"கொஞ்ச நேரமானா கரையும்," என்று மேனேஜர் தானே சுவிட்சுப் பக்கம் போனார்.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. டிரம் வால்வை மூடி, நட்டு இல்லாமல் ஆடிக்கொண்டிருந்த கைப்பிடியை உருவித் தொட்டிக்குள் வீசினேன்.

"பைத்தியமா உனக்கு?"

"நீச்சல் தெரிஞ்சா இறங்கி எடுத்துக்கங்க சார்."

"உன் வேலை போச்சு! யோவ், வால்வத் திருப்ப ஸ்பேனர் எங்கய்யா?"

ஸ்பேனர் சித்தப்பாவின் பின்பாக்கெட்டில் பாதி நீட்டிக்கொண்டிருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. விளிம்புக்கு ஒரு சாண் கீழே தளும்பிய தண்ணீரைப் பார்த்தார். மெல்ல நகர்ந்து முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டார்.

"வீட்டுல மறந்து வெச்சிட்டேன் சார்."

மேனேஜர் எங்கள் இருவரையும் எரித்துவிடுவதுபோலப் பார்த்தார். பிறகு போனை எடுத்துக் கடைக்காரரிடம் ஹைட்ரோகுளோரிக் கேட்டுக் கத்தினார்.

வண்டி வந்தபோது தண்ணீர் விளிம்பைத் தொட்டிருந்தது, தாண்டவில்லை. அதுவரை சித்தப்பா சுவரை விட்டு நகரவேயில்லை.