மீனில்லாத எழுபத்தாறு நாள்

நாற்பத்து நாலு. இன்னும் முப்பத்திரண்டு நாள் இருக்குது. கேட்டா இன்னா சொல்றது? நேத்தே வாய் வரைக்கும் வந்துச்சி, முழுங்கிட்டாரு. இன்னைக்குக் கேட்டுடுவாரு.

செந்தமிழ்ச்செல்வி தேங்காய் துருவுவதை நிறுத்தாமல் கூடத்தைப் பார்த்தாள். அவள் கணவன் தமிழரசன் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நாலடி நீளக் கண்ணாடித் தொட்டியைக் காய்ந்த துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். உள்ளே நீல விளக்கு எரிந்தது. மோட்டார் ஓடியது. வெள்ளை மணலில் ஒரு சங்கு நண்டு நகர்ந்துபோனது. பாறை இடுக்கில் இரண்டு இறால். மீன் மட்டும் இல்லை.

கலெக்டர் ஆபீசுக்கு முன்னால் இன்று இட ஒதுக்கீட்டுப் போராட்டம். அதற்கு வருகிற சங்கத்தின் மாவட்டப் பொறுப்பாளர், காலை டிபன் இங்கே சாப்பிட்டுவிட்டுப் போவதாக ஏற்பாடு. எல்லோரும் அவரை 'மாவட்டம்' என்றுதான் சொல்வார்கள். 'தமிழரசு வூட்டுல கடலே இருக்குதாமே, வந்து பாக்கறேன்' என்று அவர் போனில் சொன்னதைத் தமிழரசன் நாலு நாளாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். சங்கத்தில் ஒன்றியப் பொறுப்பு ஒன்று காலியாக இருந்தது; அதன்மேல் அவனுக்கு ஒரு கண்.

தொட்டி மீன்களுக்கு நோய் வந்ததும் இந்தப் போராட்டத்தோடுதான். டிசம்பர் முதல் வாரம் சென்னைக்குப் போன வேன் திரும்பி வந்தபோது, தமிழரசன் மடியில் ஒரு பிளாஸ்டிக் பை இருந்தது. காற்றடைத்துக் கட்டிய அந்தப் பைக்குள் உள்ளங்கை அகல நீல மீன். வேனில் வந்தவர்கள் அத்தனை பேரும் கூடத்தில் கூடிவிட்டார்கள். அவர்களில் ஒருவனான பச்சமுத்து ஒரு எலுமிச்சம்பழத்தைப் பையைச் சுற்றி மூன்று தரம் சுற்றி வெளியே எறிந்தான். தமிழரசன் முடிச்சை அவிழ்த்தான். புது மீனைத் தனியாக வைத்துப் பார்க்க வேண்டும் என்று அவள் எங்கோ படித்திருந்தாள். சொல்ல வாயெடுப்பதற்குள் பச்சமுத்து கத்தினான்.

"பைத்தண்ணியையும் ஊத்துங்கண்ணே. கடல் தண்ணி, கள்ளக்குறிச்சியில எங்க கெடைக்கும்?"

ஊற்றினார்கள். கைதட்டினார்கள்.

எட்டாம் நாள் மீன்களின் துடுப்பில் உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். மீன்கள் பாறையில் உடம்பைத் தேய்த்துக்கொண்டு திரிந்தன. மாமியார் பெரியநாயகி குனிந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஆத்தா வந்திருக்கா. அம்மை இது. மருந்து கிருந்து ஊத்தாத." சொன்ன கையோடு ஒரு கொத்து வேப்பிலையைக் கொண்டுவந்து தொட்டி மூடியில் செருகினாள். கல்வராயன் மலையிலிருந்து கடுக்காய் விற்க வந்தவர்கூட அதைப் பார்த்துவிட்டு வாசலிலேயே செருப்பைக் கழற்றிக் கும்பிட்டார்.

வந்த நீல மீன்தான் முதலில் செத்தது. அப்புறம் நாளைக்கு ஒன்றாக ஐந்து. தமிழரசன் அப்போது ஊர் ஊராக மறியலில் இருந்தான். செல்வி சென்னைக் கடைக்காரர் அரங்கநாதனுக்குப் போன் போட்டாள்.

"அம்மை இல்லீங்கம்மா, ஒட்டுண்ணி" என்றார் அவர். "மீன் மேல இருக்கற புள்ளி உதிர்ந்து மணல்ல விழும். ஒண்ணு நூறா வெடிக்கும். வெடிச்சதும் மறுபடி மீனைத் தேடும். மீன் கெடைக்கலைன்னா பட்டினி கெடந்து சாவும். இருக்கற மீனை எடுத்துத் தனியா வெச்சு செம்பு மருந்து குடுங்க. மருந்தைத் தொட்டியில ஊத்திடாதீங்க, நண்டு இறால் எல்லாம் போயிடும். தொட்டி எழுபத்தாறு நாள் மீனில்லாம கெடக்கணும். எழுபத்தஞ்சு இல்ல, எழுபத்தாறு."

மருந்தைப் பார்சலில் அனுப்பினார். வழியெல்லாம் மறியல், பார்சல் வண்டி வரவில்லை. மறித்தவர்களில் தமிழரசனும் ஒருவன்.

செம்பு என்றதும் அவளுக்கு அப்பாவின் எலுமிச்சைத் தோட்டம் ஞாபகம் வந்தது. சுண்ணாம்போடு கலந்து அடிப்பாரே, நீலக் கல்கண்டு மாதிரி, மயில்துத்தம். அதுவும் செம்புதானே? அரங்கநாதனிடம் கேட்டாள். அவர், "அந்தக் காலத்துல அதுதாம்மா மருந்தே. அளவு தப்பினா மீன் செத்துடும்" என்று சொல்லி அளவைச் சொன்னார். உரக்கடையில் கால் கிலோவுக்குக் குறைத்துத் தரமாட்டேன் என்றார்கள். வாங்கி வந்தாள். நகைக்கடைத் தராசில் ஒரு கிராம் எடை போட்டு, ஒரு லிட்டர் நீரில் கரைத்து, மாடிப்படிக்கு அடியில், மிச்ச மீன்களை மாற்றி விட்டிருந்த நீல டிரம்மில் மூடி மூடியாக ஊற்றினாள். ஊற்றிய ஒவ்வொரு தரமும் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். முதல் இரண்டு நாள் மீன்கள் மூச்சு வாங்கின. சாகவில்லை. ஒரு மாதம் கழித்து மருந்துத் தண்ணீரை மாற்றி, நல்ல உப்புத் தண்ணீர் விட்டாள்.

மிஞ்சியவை இரண்டு கோமாளி மீன்கள். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை.

மீன் மேல் அவளுக்குப் பெரிய ஆசை இருந்ததில்லை. தொட்டி அவனுடையது, கழுவுவது அவள், அவ்வளவுதான். இந்த நாற்பத்து நாலு நாளில்தான், காலையில் கண் விழித்ததும் எண் ஒன்று மனசில் வந்து உட்கார ஆரம்பித்தது. அதை அவளைத் தவிர வேறு யாரும் எண்ணவில்லை. அவள் தப்பாக எண்ணினால் இரண்டு உயிர் போகும், சரியாக எண்ணினால் இருக்கும். இப்படி ஒன்று இதுவரை தன் கையில் இருந்ததா என்று யோசித்தாள். இல்லை. ஒருமுறை வந்தது. ஆசிரியர் தேர்வு. அன்றைக்குத்தான் நாத்தனாரின் நிச்சயதார்த்தம். 'ஒரு நாள்தானே செல்வி, அடுத்த வருஷம் எழுதிக்கலாம்' என்றான் தமிழரசன். ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. 'நம்ம ஜனம் படிக்கணும், வேலைக்குப் போவணும்' என்று தமிழரசன் மைக்கில் பேசுவதைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்குக் கோபம் வருவதில்லை. அவன் அதை நம்பித்தான் பேசுகிறான். அதுதான் அவளுக்குப் புரியவில்லை.

வாசலில் பைக் நின்றது. பச்சமுத்து உள்ளே வந்து தொட்டியைப் பார்த்தான்.

"இன்னாண்ணி இது, வெறும் தண்ணி வளக்கறீங்களா?"

"ஆமா தம்பி. இதுக்குத் தீனி கம்மி."

"கிண்டலு ஜாஸ்தியாயிடுச்சி அண்ணிக்கு. மாவட்டம் சங்கராபுரம் தாண்டிட்டாராம். அரை மணியில இங்க இருப்பாரு."

தமிழரசன் துணியைப் போட்டுவிட்டு அடுப்படிக்கு வந்தான். கையில் மீன் பிடிக்கும் சின்ன வலை இருந்தது. அவனால் அவற்றைப் பிடிக்க முடியாது. அவன் கை நிழல் விழுந்தாலே அந்த இரண்டும் டிரம்மின் அடிக்குப் போய்விடும். செல்வி விரலை நனைத்தால் மேலே வரும்.

"செல்வி, அதான் குணமாயிடுச்சி இல்ல? ரெண்டையும் எடுத்து உடு. அவரு போனதும் திருப்பி எடுத்துக்க. ஒரு நாள் கூட இல்ல, ஒரு மணி நேரம்."

"மீனுக்குக் குணமாயிடுச்சிங்க. தொட்டிக்கு ஆவல."

"தண்ணி பளிங்கு மாதிரி கெடக்குது. எங்க இருக்குது பூச்சி, காட்டு பாக்கலாம்?"

அவளால் காட்ட முடியாது. அவளும் பார்த்ததில்லை.

கீரை ஆய்ந்துகொண்டிருந்த பெரியநாயகி தலையைத் தூக்கினாள். "ஏண்டா, அம்மை எறங்கித் தலைக்குத் தண்ணி ஊத்தாம ஆராவது கூடத்துக்கு இட்டாருவாங்களா?"

"நீ சும்மா இரும்மா. மீனுக்குத் தலைக்குத் தண்ணியாம்!" அவன் குரலைத் தாழ்த்தினான். "செல்வி, பத்து பேரு கூட வராங்க. காலித் தொட்டியைக் காட்டினா, ஒரு மீனைக் கூடக் காப்பாத்தத் தெரியாதவன்னு சிரிப்பாங்க. இன்னா கேட்டுட்டேன் நான் உன்ன?"

அது உண்மைதான். அவன் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. எப்போதுமே பெரிதாகக் கேட்டதில்லை. அவன் முகத்தில் வேர்வை அரும்பியிருந்தது. அவளுக்கு அவன்மேல் இரக்கம் வந்தது. இரக்கம் வந்தால் கை தானாக நீளும் என்று நினைத்திருந்தாள். நீளவில்லை.

தெருமுனையில் கார்களின் ஹாரன் கேட்டது. பச்சமுத்து ஓடினான். தமிழரசன் வலையை அவள் பக்கம் நீட்டினான்.

செல்வி தேங்காய்த் துருவலைக் கிண்ணத்தில் தட்டி, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். வலையை வாங்கவில்லை.

"டிரம்முகிட்ட ஒரு நாற்காலி போடறேன். அவர அங்க வந்து பாக்கச் சொல்லுங்க" என்றாள். "தொட்டியில உடமாட்டேன்."