கழுத்தில் ஒரு வெளிச்சம்

“மூச்சு விடவாவது பேச்சை நிறுத்துவியா?” என்று கல்யாணமான புதிதில் கணவன் அவளிடம் ஒருமுறை கேட்டான். “மூச்சு விட்டுக்கிட்டே பேசுவேன்” என்றாள். பேருந்து நிலையத்து ஒலிபெருக்கியில் வண்டிகளை அறிவிப்பது அவள் வேலை. வாய்தான் மூலதனம். வீட்டில் அவளுக்குப் பட்டப்பெயர் ரேடியோ.

மார்பில் வந்த புற்றுநோய்க்கு வைத்தியம் முடிந்து சில வருஷமாகியிருந்தது. இப்போது ரத்தப் பரிசோதனையில் ஏதோ கூடியிருக்கவே, நோய் திரும்பிவிட்டதா என்று பார்க்க முழு உடம்பு ஸ்கேனுக்கு எழுதினார் டாக்டர். கதிரியக்கம் கலந்த சர்க்கரை மருந்தை ஊசியில் ஏற்றிவிட்டு, சாய்வு நாற்காலியில் உட்காரவைத்தாள் நர்ஸ். அசையக்கூடாது, எதையும் மெல்லக்கூடாது, பேசவே கூடாது. உழைக்கிற தசைக்கெல்லாம் மருந்து போய்ப் படத்தில் ஒளிரும் என்று படித்துப் படித்துச் சொன்னாள்.

திரைக்கு அந்தப் பக்கம் ஒரு பெரியவர், வீட்டுக்கு எந்த வண்டியில் போவது என்று தனக்குத்தானே முனகிக்கொண்டிருந்தார். அவளுக்குப் பொறுக்கவில்லை. நேர் வண்டி, மாறி ஏறும் வண்டி, வெயில் படாத ஜன்னல் எந்தப் பக்கம் என்பது வரை சொல்லித் தீர்த்தாள்.

படத்தில் கழுத்தில் ஒரு பொட்டு பளிச்சென்று எரிந்தது.

“எல்லாம் என் வாய்க்கொழுப்புதான் டாக்டர்” என்று அவளே முந்திக்கொண்டாள். டாக்டர் சிரித்தாலும் ஒத்துக்கொள்ளவில்லை. பேசினால் குரல்வளையின் இரண்டு பக்கமும் ஒன்றுபோல ஒளிருமாம். அவளுக்கு அதுவும்தான் ஒளிர்ந்திருந்தது. இந்தப் பொட்டோ அதற்குக் கீழே, தைராய்டில், ஒரு பக்கம் மட்டும். பழைய நோய் உடம்பில் எங்கும் இல்லை. தேடியது கிடைக்காமல் தேடாத கட்டி ஒன்று கிடைத்திருந்தது. ஊசியால் குத்தி எடுத்துச் சோதிக்க வேண்டும். கெட்ட கட்டியென்றால் அறுவை. குரலுக்குப் போகும் நரம்பு அதை ஒட்டியே ஓடுகிறது.

முடிவு வரும்வரை வீட்டில் ரேடியோ பாடவில்லை. இருக்கிற குரலை வேலைக்கென்று சேர்த்து வைத்துக்கொண்டாள். கணவன் வலிய வந்து வம்பிழுத்துப் பார்த்தான். பக்கத்து வீட்டுச் சண்டை என்ன ஆச்சு என்றுகூடக் கேட்டான், வாழ்நாளில் கேட்காதவன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

சாதுவான கட்டி என்று முடிவு வந்தது. வெட்ட வேண்டாம், அவ்வப்போது பார்த்துக்கொண்டால் போதும்.

“அப்போ நான் பேசலாமா டாக்டர்?”

“வேணாம்னு சொன்னா கேட்கவா போறீங்க?”

அன்று மாலை அறிவிப்பு அறையின் ஜன்னல் வழியே எதேச்சையாகப் பார்த்தாள். ஒலிபெருக்கிக்கு நேர் கீழே பெஞ்சில் கணவன் உட்கார்ந்திருந்தான். கையில் பை இல்லை. வண்டிகள் வந்தன, போயின. அவன் எதிலும் ஏறவில்லை. அவளுக்குக் குஷி பிறந்துவிட்டது. ஊர்ப் பெயர்களை நீட்டி முழக்கி, ஒரு தரம் சொல்ல வேண்டியதை இரண்டு தரம் சொன்னாள். கிளம்பிப்போன வண்டியைக்கூட விடவில்லை.

வெகுநேரம் கழித்து அவன் எழுந்தான். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தான். ஜன்னலை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, வீட்டுப் பக்கம் நடந்தான்.